அண்ணியின் கையில் எத்தனை மணி

ஒருவருக்குக் கை தவறினால் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? அந்தக் கையின் மேலா, அதில் திணித்த சுமையின் மேலா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் பெண் அவள். சாயங்காலங்களில் கைமணிக் குழுவுக்குக் கணினியில் இசைக்குறிப்பு எழுதுவாள். அதனால் குழுவில் அவளுக்குப் பெயரே சுரக்காரி. நீள மேசையில் மெத்தை விரித்து, பித்தளை மணிகளைப் பெரிதிலிருந்து சிறிதுவரை அடுக்கியிருப்பார்கள். ஒரு மணிக்கு ஒரே சுரம். ஆளுக்கு இரண்டு மணி. தன் சுரம் வரும்போது மட்டும் அசைக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு. யாருடைய சுரம் எது என்று தெரிய, தாளில் ஆளுக்கொரு நிறம் கொடுப்பாள். அவளுடைய அண்ணிக்குக் கத்தரிப்பூ நிறம்.

அண்ணி கனமான மணிக்காரி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை.

"நீங்க மணியடிச்சா பக்கத்துத் தெருவே எழுந்துக்குது அக்கா" என்று கேலி செய்வார்கள்.

"என் வீட்டுக்காரரு மட்டும் எழுந்துக்க மாட்டேங்கிறாரே!" என்பாள் அண்ணி.

வாரத்தில் யாரும் அவளை வேலை ஏவாத பொழுது இந்த ஒத்திகை ஒன்றுதான்.

ஆண்டு நிகழ்ச்சி நெருங்கியபோது, குழுவை நடத்தும் மாஸ்டருக்கு ஓர் ஆசை வந்தது. "கடைசிச் சரணத்த மட்டும் அரைச் சுரம் ஏத்திடும்மா. சனங்க எழுந்து நின்னு கைதட்டுவாங்க."

மென்பொருளில் அது ஒரு சொடுக்கு. சொடுக்கினாள், ஒலிக்கவிட்டுக் கேட்டாள், தேனாக இருந்தது. அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

ஒத்திகையில் சரியாகச் சுரம் ஏறும் அந்தத் திருப்பத்தில் அண்ணி தடுமாறினாள். மறுபடியும் அதே இடம். அதற்கடுத்த முறை மணி நழுவி மேசை விளிம்பில் மோதியது.

"வயசாயிடுச்சுல்ல?" மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பா நினைக்காதீங்கம்மா, கை வரல. நிகழ்ச்சிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அண்ணி மணி பிடிக்கப் போட்டிருந்த கையுறைகளைக் கழற்றி மெத்தைமேல் வைத்தாள். மேசையைச் சுற்றி நின்றவர்கள் தாளைப் புரட்டினார்கள். சுரக்காரியும்தான்.

மறுநாள் காலை அச்சகத்தில் அந்தக் கோப்பைத் திறந்து அண்ணியின் நிறத்தைத் தேடினாள். சுரம் ஏறினால் மணியும் மாறும்: திருப்பத்தில் கத்தரிப்பூ நிறம் நான்கு மணிகளில் பரவிக் கிடந்தது. பழைய இரண்டைக் கீழே வைத்துவிட்டுப் புதிய இரண்டை எடுக்க மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லை. சிறிய மணிகள் என்றால் ஒரே கையில் இரண்டைப் பிடித்துச் சமாளிக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் தப்பித்திருக்கிறார்கள். கனமான மணியை எந்தக் கொம்பனாலும் அப்படிப் பிடிக்க முடியாது.

நேரே மாஸ்டரிடம் போனாள். "தப்பு தாள்ல இருக்கு மாஸ்டர். நானும் பாக்காம விட்டுட்டேன். அந்த இடத்துல கொஞ்சம் இடைவெளி விட்டா அண்ணி அடிச்சிருவாங்க."

"கம்ப்யூட்டர் அழகா வாசிக்குதேம்மா?"

"அதுக்குக் கை ஏது? நீங்களே ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்களேன்."

"நான் நடத்துறவன், அடிக்கிறவன் இல்ல. இடைவெளி விட்டா வேகம் செத்துப்போகும். உங்க அண்ணிங்கறதால பேசறே."

வீட்டில் அண்ணி, "விடுடி. கெஞ்சி வாங்கின இடத்துல நின்னா கை நடுங்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நிகழ்ச்சியில் அண்ணியின் இடத்தில் ஓர் உடற்பயிற்சிக்கூடக்காரர் நின்றார். தோள் ஒவ்வொன்றும் ஒரு பாறை. திருப்பம் வந்தது. மணி மேடையில் உருண்டது.

திரை விழுந்ததும் மாஸ்டர் அந்தப் பாறையைத் தட்டிக் கொடுத்தார். "விடுங்க தம்பி, அந்த இடமே கஷ்டம்."

அதே தாள், அதே மணி. சலவைக்கூடத்துப் பெண் தவறினால் வயது. பயில்வான் தவறினால் இடம் கஷ்டம்! எந்த ஊர் நியாயம் இது?

"அண்ணிகிட்ட ஏன் இதச் சொல்லல மாஸ்டர்?" சுரக்காரி கேட்டாள். மாஸ்டர் மாலையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார். மற்றவர்கள் மணிகளைத் துடைப்பதில் மும்முரமானார்கள்.

இடைவெளி விட்டுத் திருத்திய தாள் அவளிடம் இருக்கிறது. கத்தரிப்பூ நிறத்தை அவள் அழிக்கவில்லை. அண்ணியை மட்டும் இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

உங்கள் முன்னாலும் யாராவது ஒருவரைப் பார்த்து "கை வரல" என்பார்கள். மணி துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அவர் கையுறையைக் கழற்றுவதற்குள், எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள்: அந்தக் கையில் எத்தனை மணி கொடுத்தீர்கள்?