சுவருக்கு அந்தப் பக்கம்

கொசு விஷயத்தில் நான் கெடுபிடியான ஆள். எங்கள் இன்சீன் தெருவில் யார் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கினாலும் சண்டைக்குப் போவேன். அப்படியும் என் பர்மிய மனைவி மா சோவுக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் விடவில்லை, வயிறும் வீங்கியது. கருங்காய்ச்சல் என்றார் டாக்டர். இங்கே அபூர்வமாம்.

பூச்சி ஆய்வுக்கு வந்த தமிழ்ப் பெண் ஒருவர், மாலையில் எங்கள் மாட்டுக்கொட்டகையில் எண்ணெய் தடவிய தாளை மாட்டிவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தால், மணல் நிறத்தில் பொடிப்பொடியாய் ஈக்கள் ஒட்டியிருந்தன.

"மணல் ஈ, அண்ணே. கருங்காய்ச்சலைப் பரப்புறது இதுதான். கொசுவலைக் கண்ணுலயே நுழைஞ்சிடும்."

"சொட்டுத் தண்ணி தேங்க விடலையேம்மா!"

"இதுக்குத் தண்ணி வேண்டாம். ஈரச் சாணமும் சுவர் வெடிப்பும் போதும்" என்று கொட்டகைச் சுவரைக் காட்டினார்.

கோயில் திருநீற்றுக்கென்று நான் சாணம் குவித்து வைப்பது அங்கேதான். சுவருக்கு அந்தப் பக்கம் மா சோவின் தலைமாடு.

அவள் பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் இன்னும் உடம்பு கூசுகிறது. காய்ச்சல் இறங்கட்டும் என்று தினமும் அந்தத் திருநீற்றை அவள் நெற்றியில் பூசி, கொசுவலையை இழுத்துச் செருகிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தவன் நான்.