துருக்கித் தொடருக்குள் ஓர் அறிவிப்பு

பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் நெரெய்தா. அந்தச் சம்பளம் சோப்புக்குக்கூடக் காணாது என்று தெரிந்த பிறகு சைக்கிளை எடுத்தாள். ஹவானாவில் இணையம் எட்டிப் பார்க்காத வீடுகளுக்கு வாரப் பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இப்போது அவள் தொழில். பொட்டலம் என்றால் ஒரு ஹார்ட் டிஸ்க். படம், பாட்டு, துருக்கித் தொடர், விளம்பரம் எல்லாம் அதற்குள் இருக்கும். சனிக்கிழமை ஒரு தெருவில் கொடுத்தால், அங்கே பிரதி எடுத்து அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுவார்கள். காசுள்ளவன் அன்றைக்கே பார்த்துவிடுவான். இல்லாதவன் விலை இறங்கும் வியாழன்வரை காத்திருப்பான். தாமதமாகத்தான் போகும், ஆனால் போகாத சந்து கிடையாது.

2015 மார்ச் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. குடியிருப்பு அலுவலகத்துத் தட்டச்சுக்காரிக்குத் தொடரைக் கொடுக்கப் போனவள், கழிப்பறைக்குப் போகும் நடையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான்கு வருஷங்களுக்கு முன் மழையில் இடிந்துபோன பலோமா கட்டடத்துக்காரர்களுக்கு வீடு தயாராம். மார்ச் 20 நண்பகலுக்குள் குடும்பத் தலைவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவரவருக்கு வீடு. நாற்பத்தொரு குடும்பங்களில் குறைந்தது முப்பது வராவிட்டால் கட்டடம் வேறு துறைக்குப் போய்விடும்.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று அவளுடையது. நாத்தனார் வீட்டுச் சமையலறையில் பாய் விரித்து நான்கு வருஷங்கள் ஓட்டியிருந்தாள்.

"தோழரே, இதை யாருக்குச் சொன்னீங்க?" என்று மேசையில் இருந்த குமாஸ்தா பெலார்மினோவிடம் கேட்டாள்.

"ஒட்டியாச்சே, தோழரே. சட்டப்படி அறிவிச்சாச்சு."

"கக்கூசுக்குப் போற வழியிலயா?"

"எல்லாரும் போற இடந்தானே" என்றான் அவன், தலை நிமிராமல்.

சட்டம் என்பது சுவரில் ஒட்டியதோடு முடிந்துவிடுகிற பசை அல்ல. பார்க்க முடியாத இடத்தில் ஒட்டிவிட்டுப் பார்க்கவில்லை என்று தண்டிப்பதற்குப் பெயர் திருட்டு. பலோமா ஜனங்கள் மரியனாவ், குவானபகோவா, அலமார் என்று நகரம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஆறு பேரிடம்தான் தொலைபேசி இருந்தது. மீதிப் பேர் எங்கே என்று நெரெய்தாவுக்கே தெரியாது. ஆனால் எங்கிருந்தாலும் ராத்திரி என்ன பார்ப்பார்கள் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை, ஊருக்கே மூலப் பொட்டலம் தயாராகும் ஒஸ்மெலின் வீட்டுக்குப் போனாள்.

"முடியாதும்மா" என்றான் ஒஸ்மெல். "அரசியல் இல்ல, ஆபாசம் இல்ல. இந்த ரெண்டு விதியாலதான் இந்தத் தொழில் உயிரோட இருக்கு. ஒண்ணை மீறினா நாளைக்கு என் கதவைத் தட்டுவாங்க."

"ஒரு விலாசமும் தேதியும் எப்படிப்பா அரசியலாகும்? அவங்க சுவத்துல ஒட்டுனதைத்தான் நான் திருப்பிச் சொல்றேன்."

"சரி, விளம்பரக் கோப்புறைல போட்டுக்க."

"உங்க அம்மாவே அதைத் திறக்க மாட்டாங்க. இடம் பத்தலேன்னா ஜனங்க முதல்ல அழிக்கிறதே அதைத்தான். தொடரோட சப்டைட்டில்ல போடு. அஞ்சு பாகத்துலயும்."

ஒஸ்மெல் சிரித்துவிட்டான். "முத்தம் கொடுக்கிற இடத்துல போட்டா என்னைக் கொன்னுடுவாங்க."

"அந்த இடத்துலதான் யாரும் எழுந்து போக மாட்டாங்க."

அவள் எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை வாங்கிப் படித்தான். 'பலோமா கட்டடத்தாரே, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் குடியிருப்பு அலுவலகம் வந்து கையெழுத்திடுங்கள்.'

"எந்த வெள்ளிக்கிழமை?" என்றான்.

நெரெய்தாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷங்கள் பொட்டலம் சுமந்தவள் செய்கிற தப்பா இது? ஒருத்தன் இந்த வாரத்துப் பாகத்தைப் பார்ப்பான், இன்னொருத்தன் போன வாரத்ததை. பொட்டலத்துக்குள் கிழமை ஏது?

"தேதி போடாம கடுதாசி எழுதுற" என்று முணுமுணுத்தபடி ஒஸ்மெலே பேனாவை எடுத்து 'மார்ச் 20' என்று திருத்தினான். திருத்திய பிறகு மறுக்க அவனுக்கு வாய் வரவில்லை.

இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு அலுவலக வாசலில் ஏழு பேர். நெரெய்தா எண்ணினாள். பத்து மணிக்குப் பத்தொன்பது. உள்ளே பெலார்மினோ ஒவ்வொரு அடையாள அட்டையையும் வெயிலில் உலர்த்துகிறவன்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதினொன்றே முக்காலுக்கு, நெரெய்தாவுடையதையும் சேர்த்து, இருபத்தாறு கையெழுத்துகள் ஆகியிருந்தன. அப்போது அலமார் பகுதியிலிருந்து பஸ் ஏறி லெய்டிஸ் வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

"நேத்து ராத்திரிதான் பொட்டலம் கைக்கு வந்துச்சு" என்று நெரெய்தாவைக் கட்டிக்கொண்டு திட்டினாள் லெய்டிஸ். "மோதிரம் மாட்டுற நேரத்துல பலோமா வந்து நிக்குது. அவ சரின்னாளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, பாவி."

பன்னிரண்டாகச் சில நிமிடங்கள் இருக்கையில் பெலார்மினோ கதவருகே வந்தான். வாசலில் வரிசை என்று நின்றது மூன்றே பேர்.

"நிக்கிறவங்க கையெழுத்தை மட்டும் எடுத்துக்கறேன். மத்தவங்க வரிசைலயே இல்ல."

இருபத்தாறும் மூன்றும் இருபத்தொன்பது. அவனும் எண்ணித்தான் சொன்னான்.

ஹவானாவில் யாராவது வெயிலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்களா? வந்தவுடன் 'யார் கடைசி?' என்று கேட்டு, அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். நெரெய்தா தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "கடைசி யாரு?"

"நான்" என்றது எதிர்ச்சாரி மரத்தடி. "பச்சைச் சட்டைக்காரர் பின்னால."

"நான் அந்தத் தொப்பிக்காரர் பின்னால" என்றார் பச்சைச் சட்டை.

"நான் அந்தக் குடைக்காரம்மா பின்னால" என்றார் தொப்பிக்காரர்.

காபிக் கடையிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கண்ணிகூட அறவில்லை. "நான் கதவுகிட்ட நிக்கிறவர் பின்னால" என்று லெய்டிஸ் முடித்துவைத்தபோது வரிசையில் பதினோரு பேர்.

பெலார்மினோவும் இந்த ஊரில் ரொட்டி வாங்குகிறவன்தான். இந்த வரிசையை வரிசை இல்லை என்று சொன்னவன் நாளை எந்தக் கடையில் போய் நிற்பான்? நாற்காலிக்குத் திரும்பினான்.

முப்பதாவது கையெழுத்து லெய்டிஸுடையது. அவன் அதோடு நிறுத்தப் பேனாவை மூடினான். நெரெய்தா அதைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னும் ஏழு பேர் இருக்காங்க, தோழரே. எழுதுங்க."