ஏசா பிக்கெட் விற்காத ஒரு ஏக்கர்

லவேடா பிக்கெட் முப்பத்தோரு வருஷம் எங்கள் டெல்ஃபர்ட் கவுண்டியின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட, முன்னால் பனி மூடிய மலைச்சாலை. அப்படி ஓட்டிப் பழகியவருக்குக் குரலை உயர்த்தாமலே மிரட்டத் தெரியும். இன்றைக்கும் கடைத்தெருவில் அவர் லேசாகத் திரும்பிப் பார்த்தால் நாற்பது வயது ஆம்பளைகள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். நானும் அந்த பஸ்ஸில் போனவன்தான்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம், செப்டம்பரில், அவருடைய அண்ணன் ஹோலிஸுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கிறிஸ்துமஸைப் பார்த்துவிடலாம், அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹோலிஸ் மர அறுவை மில்லில் காலம் தள்ளிய மனிதர். எதற்கும் கலங்காதவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒன்பது வருஷத்துக்கு முன் போன தன் மனைவி நெட்டிக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன ஆசைதான். சிக்கல் நிலத்தில் இருந்தது. பிக்கெட் வீட்டுக் கல்லறைகள் எல்லாம் குன்றின் உச்சியில் இருக்கின்றன. அந்தக் குன்றை அவர்களுடைய முப்பாட்டன் ஏசா பிக்கெட் 1896-லேயே தாக்ஸ்டன் வீட்டாருக்கு விற்றுவிட்டார். விற்ற பிறகும் நூறு வருஷத்துக்கு மேலாக பிக்கெட்டுகள் அங்கேதான் புதைத்தார்கள். பிக்கெட்டுகள் கறுப்பர்கள், தாக்ஸ்டன்கள் வெள்ளைக்காரர்கள், இருந்தாலும் பிக்கெட் வீட்டுச் சவ ஊர்வலம் வந்தால் வேலிக் கதவைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். எந்தக் காகிதத்தையும் யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் தாக்ஸ்டன் பேரப்பிள்ளைகள் மொத்தக் குன்றையும் நகரத்துக்காரர் கிரெய்க் வான்டிவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் மான் வேட்டைக்கு என்று வாங்கி, வாசலில் இரும்புக் கதவும் பூட்டும் போட்டார். லவேடா நல்ல உடை உடுத்திக்கொண்டு, மரியாதையாகத்தான் போய்க் கேட்டார். பூ வைக்க வந்துபோவதைச் சட்டப்படி நான் தடுக்க முடியாது, ஆனால் என் நிலத்தில் புதுக் குழி தோண்ட விடமாட்டேன், உரிமை இருக்கிறது என்றால் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்று வான்டிவர் சொல்லி அனுப்பினார். அவரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் லவேடாவுக்கு அதிகம் எரிந்தது.

நிலத்தை விற்றவர் கையில் பத்திரம் இருக்காது. வாங்கிய தாக்ஸ்டன் வீட்டு மூலப் பத்திரமோ எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. மிச்சம் கோர்ட் கட்டடத்துப் பதிவுப் புத்தகம் ஒன்றுதான். வக்கீல் ப்ரூயிட் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். 1909-ல் கோர்ட் கட்டடம் தீப்பிடித்து, 1896-ம் வருஷப் புத்தகம் சாம்பலாகிவிட்டது என்றார். எங்கள் கவுண்டியில் எந்தக் கேள்விக்கும் கடைசிப் பதில் அந்தத் தீதான். தாத்தாவின் பிறந்த தேதியா, தீயில் போய்விட்டது. பாட்டன் யாரைக் கட்டினார் என்பதா, அதுவும் தீயில். சோம்பேறிகளுக்கு அந்தத் தீ பெரிய வரப்பிரசாதம்.

லவேடா அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற ஆள் இல்லை. அக்டோபர் முதல் தேதி, கோர்ட் கட்டடத்தின் நிலவறைப் பதிவறைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே எழுத்தர் ஜுவனெல் டோட் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். அந்த அறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். காபி கூடாது. சத்தமாக மூக்குச் சிந்தினால்கூட ஜுவனெல் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். தீக்கு முந்தின பத்திரப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று லவேடா கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றார் ஜுவனெல்.

இரும்புப் பெட்டியில் இருந்ததால் கல்யாணப் பதிவுகளும் வரிப் பட்டியல்களும் தப்பியிருந்தன. லவேடா அவற்றை ஆறு வாரம் புரட்டினார். ஏசாவின் கல்யாணம் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். அவர் கட்டிய வரி கிடைத்தது, வைத்திருந்த கோவேறு கழுதைகளின் எண்ணிக்கைகூடக் கிடைத்தது. கல்லறையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. குடும்பச் சரித்திரம் தேடுகிற எல்லாரையும் போல லவேடாவும் முதல் நாளே நோட்டில் ‘ஏசா, இறப்பு 1902’ என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுத்திருந்தார். செத்தவர் எதையும் விற்க மாட்டார் அல்லவா, அந்த வருஷத்துக்குப் பிறகு பிக்கெட் என்ற பெயரில் அவர் தேடவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஹோலிஸ் சாய்வு நாற்காலியில் காத்திருப்பார். ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று இளைத்துத் தெரிந்தார். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"இன்னிக்கு என்ன கெடச்சுது? முப்பாட்டனோட கழுதையா?"

"ரெண்டு கழுதை, அண்ணே. ஒண்ணுக்கு உன் மூஞ்சி."

சிரிப்பார். சிரித்தால் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொள்வார். லவேடா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவார். இப்படியே நவம்பர் நடுவாகிவிட்டது.

லவேடா கேட்டபடி ப்ரூயிட் வான்டிவர் மேல் போட்டிருந்த வழக்கின் விசாரணைக்கு டிசம்பர் நான்காம் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, தாக்ஸ்டன்கள் பிற்காலத்தில் குன்றின் ஓரத்தை யாருக்காவது விற்று, அந்தப் பத்திரத்திலாவது கல்லறை என்று எழுதியிருக்கிறார்களா பார்ப்போம் என்று லவேடா 1911-ம் வருஷத்து விற்றவர் பட்டியலை எடுத்தார். அதே பக்கத்தில், தாக்ஸ்டனுக்குக் கீழே, ஒரு பெயர் கண்ணில் பட்டது. எலைஜா டல், போதகர்.

எலைஜா டல் லவேடா போகிற சர்ச்சைக் கட்டியவர். அவர் 1899-ல் காலமானார் என்று சர்ச் வாசலில் மூலைக்கல்லில் செதுக்கியிருக்கிறது. ஞாயிறுதோறும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் லவேடா உள்ளே போவார். அந்த மனிதர் 1911-ல் சோளக்கொல்லை விற்றிருக்கிறார்.

"மிஸ் ஜுவனெல், எங்க பாதிரியார் செத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு நெலம் வித்திருக்காரு. கொஞ்சம் வந்து பாருங்க."

ஜுவனெல் நிதானமாக வந்தார். பத்திரப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, மேல் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். முன்பு பதிந்த புத்தகம் எரிந்துபோனபடியால், வாங்கியவர் கொண்டுவந்த மூலப் பத்திரத்தைப் பார்த்து இன்று மறுபடி பதியப்பட்டது என்று இருந்தது.

"தீக்கு அப்புறம், பத்திரத்த வீட்ல வச்சிருந்தவங்க அப்பப்ப கொண்டாந்து திரும்ப எழுதிக்கிட்டாங்க," என்றார். "திரும்ப எழுதுன வருஷத்துலதான் அது இருக்கும். மொதல்ல வித்த வருஷத்துல இருக்காது."

"நா ஆறு வாரமா உங்க கண்ணு முன்னாடி உக்காந்திருக்கேன்."

"பழைய புக்கு இருக்கான்னு கேட்டீங்க. இல்லேன்னு சொன்னேன். இதக் கேக்கலயே, மிஸ் லவேடா."

பஸ்ஸில் ஒரு பையன் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் மிச்ச தூரத்தை நடந்தே போயிருப்பான். லவேடா பல்லைக் கடித்துக்கொண்டு, தாம் இழுத்த கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு, பிக்கெட் பக்கத்துக்குப் போனார். 1910-ல் இல்லை. 1911-ல் இல்லை. 1912-ல் இருந்தது. பிக்கெட், ஏசா, விற்றவர். தாக்ஸ்டன், வாங்கியவர். கல்லறைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆன மனிதர் பட்டியலில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

பட்டியல் காட்டிய நாலாம் பத்திரப் புத்தகத்தை இரண்டு பேருமாகத் தூக்கி மேஜையில் வைத்தார்கள். எண்பது ஏக்கர், ஓடை வளைவில் தொடங்கி நாலு எல்லையையும் சொல்லிச் சுற்றி வருகிற சக்குபந்தி, எல்லாம் வரிசையாக வந்தது. லவேடா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். பிறகு விரல் நின்றுவிட்டது.

‘இதில் குன்றின் உச்சியில் வெள்ளை ஓக் மரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு ஏக்கர் விற்கப்படவில்லை. அது ஏசா பிக்கெட்டையும் அவர் மனைவியையும், அவர்கள் வழியில் பிறந்தவர்களையும் இனிப் பிறக்கப்போகிறவர்களையும் புதைப்பதற்காக என்றென்றைக்கும் நிறுத்திக்கொள்ளப்பட்டது. ஊர்ச்சாலையிலிருந்து அதற்கு ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வழி உண்டு.’

அடியில் பெருக்கல் குறி.

ஏசா அடிமையாகப் பிறந்தவர். தன்னைப் பெற்றவளை எந்தப் பண்ணையில், எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. இதை லவேடாவின் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தன் பிள்ளைகளுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்று, எழுதத் தெரியாத மனிதர் எழுதத் தெரிந்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்திருக்கிறார். லவேடா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார். சந்தோஷம் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஜுவனெல் அவர் தோளைத் தொட்டார். மற்றொரு கையால் புத்தகத்தை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"நல்லா அழுங்க. புக்கு மேல மட்டும் வேணாம்."

விசாரணை அரைமணி நேரம்கூட நடக்கவில்லை. வான்டிவரின் வக்கீல் எழுந்து, தீயைப் பற்றியும் எரிந்த புத்தகத்தைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். ப்ரூயிட் ஒரு வார்த்தை பேசாமல், முத்திரை குத்திய நகலை நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதி அதை இரண்டு தரம் படித்தார். தீயில் போன பத்திரம் எப்படிக் கிடைத்தது என்று லவேடாவைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாரும் உயிரோட இருந்த ஏசாவத் தேடுனோம், ஐயா. அவரு செத்த பெறகுதான் பதிவாகியிருந்தாரு."

அந்த ஏக்கர் தாக்ஸ்டன்களுக்கு விற்கப்படவே இல்லை, ஆகவே தாக்ஸ்டன்கள் அதை வான்டிவருக்குக் கொடுத்திருக்கவும் முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வண்டி வழியும் பிக்கெட்டுகளுடையது, அதில் எந்தத் தடையும் இருக்கக்கூடாது. சர்ச் ஆட்கள் பின்வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட் என்றுகூடப் பார்க்காமல் கை தட்டினார்கள். நீதிபதி காது கேட்காதவர் போலக் காகிதம் புரட்டினார். வெளியே நடையில் வான்டிவர் வந்து, பத்திரத்தில் இப்படி இருந்தது தமக்குத் தெரியாது என்று சொல்லி, கதவுச் சாவியை நீட்டினார். முகம் சிவந்திருந்தது, ஆனாலும் வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"சாவி எதுக்கு, மிஸ்டர் வான்டிவர்? பூட்டே இருக்கக் கூடாதுன்னு தீர்ப்பு," என்றார் லவேடா. குரலை உயர்த்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை லவேடா அண்ணனைத் தம் காரில் வைத்துக் குன்றுக்கு ஓட்டிப் போனார். கதவு அகலத் திறந்து கிடந்தது. சர்ச் ஆட்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் லாரியில் வந்தார்கள். உச்சியில் சக்கர நாற்காலி ஏறவில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மொத்தமே நாற்பத்தைந்து கிலோகூட இல்லாத ஹோலிஸ், பார்த்துத் தூக்கச் சொல்லி அவர்களை அதட்டிக்கொண்டே வந்தார்.

நெட்டியின் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். ஹோலிஸ் ஏசாவின் ஏக்கரை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, வாங்கப் போகிறவர் பார்ப்பது போலக் கண்ணால் அளந்தார். தங்கச்சியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் குனிந்து, மனைவியின் கல்லை இரண்டு தரம் தட்டினார்.

"நெட்டி," என்றார், "லவேடா ஜெயிச்சுட்டா. கொஞ்சம் நகந்து படு."