ஐப்பசிக்குக் கட்டிய கம்பளி

அப்பாவுக்குப் பெருமையடித்துக்கொள்ள அதிகம் ஒன்றும் கிடையாது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில், இலங்கை மலையில் எங்கள் உடப்புசல்லாவைப் பக்கம் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பார். அதை மறுக்க நாலு பேர் வருவார்கள். மறுக்க ஆளில்லாத ஒரே பெருமை அவருடைய ஊர்க் குளிர். துறையூருக்குப் பக்கத்தில் பிறந்து, பத்து வயதில் சித்தப்பாவோடு கப்பலேறி வந்தவர் அவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்கள் எல்லாம் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். விடியற்காலைப் பனியில் அவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது அப்பா ஆரம்பிப்பார்.

"இதெல்லாம் ஒரு குளிரா? எங்க ஊரு ஐப்பசி மழைய நீங்க பாத்ததில்ல. நானும் எங்கண்ணனும் சாக்கப் போத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்குவோம்."

அந்த ஊரை யாரும் பார்த்ததில்லை. அதனால் நம்பினோம்.

எனக்குப் பதினொரு வயதானபோது அந்த ஐப்பசியைப் பார்க்கும் நாள் வந்தது. இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்து இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்கே போய்விடுவதா என்று லயத்துக்கு லயம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஊரிலேயே இருந்துவிட்ட பெரியப்பா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். தன் வீட்டை ஒட்டி இடம் இருக்கிறது, வந்து பார், பிடித்தால் வீடு கட்டிக்கொண்டு இங்கேயே இரு என்று. அப்பாவுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. அம்மாவுக்கும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. அவள் பிறந்ததும் கொழுந்து எடுக்கப் பழகியதும் இந்த மலையில். ஊரைப் பார்த்ததும் அப்பா அங்கேயே இருந்துவிடுவார் என்று அவள் பயந்தாள்.

பெட்டி கட்டும் வேலையை அப்பா யாரிடமும் விடவில்லை. வீட்டிலிருந்த கம்பளி நான்கும் தகரப் பெட்டிக்குள் போயின. எனக்கும் தங்கச்சிக்கும் இரண்டிரண்டு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காலுக்கு மேசு என்கிற கம்பளிக் காலுறை. நுவரெலியாவில் பழசாக வாங்கிய தன் கறுப்புக் கோட்டைக் கடைசியாக மடித்து வைத்தார். பெரியப்பாவுக்குக் கொடுக்க வைத்திருந்த தேயிலைத் தூள் பொட்டலங்களுக்கு இடமில்லை.

"சேலை வைக்க எடம் வேணுங்க," என்றாள் அம்மா.

"சேலையா குளிரத் தாங்கும்? ரெண்டு போதும் புள்ள."

அம்மா பெட்டி மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூடி பூட்டுக்குள் வந்தது.

தலைமன்னாரில் இறங்கும்போதே எங்கள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. தங்கச்சி குல்லாவைக் கழற்றப் போனாள்.

"கழட்டாத, இது கடக்கரச் சூடு. ஊருக்குப் போனா பாரு," என்றார் அப்பா.

தனுஷ்கோடியிலும் அதையே சொன்னார். திருச்சியிலும் சொன்னார். திருச்சிக்கு எந்தக் கடற்கரை என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அறை விழும் என்று பேசாமல் இருந்தேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெரியப்பா தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். அவர் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாடுகூட மூலையில் ஒடுங்கி நின்றது. ஊரே நடுங்கியது. நாங்கள் நான்கு பேர் மட்டும் அந்த வீட்டுக்குள் மூச்சுத் திணறி வேர்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னடா, ஒனக்குக் குளிரலையா?" என்றார் பெரியப்பா.

"குளிருதுண்ணே," என்றார் அப்பா. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

இரண்டு நாள் அந்தக் கோட்டை அவர் கழற்றவில்லை. எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அவரைப் பார்க்கவே கஷ்டமாகிவிட்டது. கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடக்க, அண்ணனுக்குச் சரியாகத் தானும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, கம்பளிகளையும் எங்கள் ஸ்வெட்டர்களையும் பெரியப்பா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். இப்படி ஒரு சாமானை அவர்கள் கண்டதே இல்லை. தடவித் தடவிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அப்பா கோட்டைக் கழற்றி அண்ணனுக்குப் போட்டுவிட்டார். பிறகு வெற்று உடம்போடு போய் மழையில் நின்றார். அப்போதுதான் அவருக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

அன்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது பெரியப்பா எங்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்பமரமும் கொஞ்சம் புல்லும். அப்பா நான்கு மூலைக்கும் நடந்து அளந்தார். வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பெரியப்பா வாசலைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வேணாம்டா. ஐப்பசிக்கே இப்படி வேகுற. சித்திரையில இந்தப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவ? அங்கயே போயி நல்லா இரு."

"பழகிரும்ணே," என்றார் அப்பா. கெஞ்சுவது போல இருந்தது.

பெரியப்பா அப்பாவின் தோளில் கை வைத்தார். பிறகு சொன்னார்: "மலைக் குளிருக்கு ஒடம்பு தாங்காதுன்னு நீ அழுதப்ப, பழகிரும்னு சொல்லித்தான்டா ஒன்னயக் கப்பலேத்தி விட்டேன். பழகிருச்சே."

அப்பா அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா வாயிலிருந்து இந்த முடிவு வராதா என்றுதான் அம்மா தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள். அது வந்ததும், புல்லில் உட்கார்ந்த அப்பாவைப் பார்த்து முதலில் அழுதது அவள்தான்.