மூன்றாவது முடிச்சும் என் ஜீப்பும்

எந்த இரும்பையும் எண்ணெய் காட்டாமல் என்னால் விட்டுவைக்க முடியாது. கதவுக் கீல், கிணற்று உருளை, கத்தரிக்கோல், மனைவியின் தையல் மெஷின் என்று வெள்ளிக்கிழமைதோறும் வரிசையாகச் சொட்டு விட்டுவருவேன். இதை நான் ஒழுங்கு என்று சொல்லிக்கொள்வேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் திருவள்ளூரில் குடியிருந்தோம். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிய ஜீப் ஒன்று பல கை மாறி என்னிடம் வந்திருந்தது. ஆவணியில் பள்ளிப்பட்டில் என் மைத்துனனுக்குக் கல்யாணம். தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அதாவது என் மனைவி. அவளுக்கு ஒரே தம்பி. இந்த ஒரு முடிச்சுக்காக அவன் பிறந்த நாளிலிருந்தே காத்திருந்தவள் போலப் பேசுவாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பின் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிற்று.

"முந்தின நாளே பஸ்ல பூடலாங்க," என்றாள்.

"ஜீப் இருக்கும்போது பஸ் எதுக்கு? நானே மாத்திடறேன்."

"நேரத்துக்குப் போவலன்னா, முடிச்சு போட எங்க பெரியப்பா பொண்ணு ரெடியா நிப்பா. தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். பட்டணத்திலிருந்து புது பிளேட் வரவழைத்தேன்.

வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினேன். கிளட்சை எட்ட வேண்டுமென்றால் முதலில் கியர் பாக்ஸைக் கழற்றி இறக்க வேண்டும். கழற்றிய போல்ட் எதுவும் இடம் மாறிவிடக்கூடாது என்பதற்காக, கியர் பாக்ஸின் படத்தைக் கோலமாவால் தரையில் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை பாய், பழவேற்காட்டுக்காரர், மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மார்கழி அதுக்குள்ள வந்துருச்சா?"

"இது கியர் பாக்ஸ் படம், பாய்."

"அய்ய, நடுவுல ஒரு பூசணிப்பூ வெச்சா ஜோரா இருக்கும் சார். எதுக்கு இந்தப் பேஜாரு? பஸ்ல போங்களேன்."

கேலி செய்தாலும் கைகொடுக்க வந்துவிட்டார். கியர் பாக்ஸை இருவருமாக வைக்கோல் மூட்டையின் மேல் இறக்கினோம். என் மார்பில் பாதி, மூட்டையில் பாதி என்றுதான் இறங்கியது. பழைய பிளேட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை. பாயைக் கூப்பிட்டு வெறும் தரையைக் காட்டினேன். ரயில்வே ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்த்தேன். சமதரையில் தேர் மாதிரி போனது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் கிளம்பினோம். மனைவி பட்டுப்புடவையில், மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆர்.கே.பேட்டை தாண்டி ஒரு மேடு. பாதி ஏறியதும் என்ஜின் கூச்சல் போட்டது; வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். கூச்சல் கூடியது, புகை வந்தது. வண்டி பின்னால் சரியப் பார்த்தது. பிரேக்கை மிதித்தேன்.

என் மனைவி காற்றை மோந்து பார்த்தாள்.

"இன்னாங்க, நம்ம தையல் மெஷின் எண்ணெ வாசன அடிக்குது?"

பட்டணத்திலிருந்து வந்த பிளேட்டை மழைக்காலத்துத் துரு தொடாமலிருக்க நான் துணியில் எண்ணெய் தொட்டு இரண்டு பக்கமும் பதமாகத் துடைத்து வைத்திருந்தேன். கிளட்ச் பிளேட் வழுக்காமல் என்ஜினைப் பிடித்துக்கொண்டால்தான் சக்கரம் சுற்றும். உலகத்தில் எண்ணெயே படக்கூடாத ஒரு பொருளைத் தேடிப் பிடித்து எண்ணெய் தடவியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முகூர்த்தம் இன்னும் எவ்ளோ நேரங்க?"

சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அப்போது பின்னால் பள்ளிப்பட்டு பஸ் ஹாரன் அடித்தது. வழியை அடைத்துக்கொண்டு நின்றது என் ஜீப்தான். அவள் சீர்த்தட்டோடு இறங்கி, நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினாள்.

"பின்னால நிக்கக்கூட எடமில்லம்மா," என்றார் கண்டக்டர்.

"எந்தம்பி கல்யாணங்க. நான்தான் நாத்தனா. நின்னுக்கினே வரேன்."

"அப்ப ஏறும்மா, ஏறு. சார், நீங்க?"

"அவரு வண்டியப் பாத்துக்கினு வருவாரு," என்றாள் அவள். பயணிகள் இறங்கி ஜீப்பை ஓரம் தள்ளினார்கள். பஸ் போய்விட்டது.

வெகுநேரம் கழித்து ஒரு கரும்பு வண்டிக்காரர் வந்தார். வண்டியை நிறுத்தி, ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இது பெட்ரோல் குடிக்குமா, புல்லு தின்னுமா?"

வண்டியிலிருந்து மாடுகளை அவிழ்த்து ஜீப்பில் கட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிப்பட்டுக்குள் இப்படித்தான் நுழைந்தேன். கல்யாண வீட்டு வாசலில் ஓய்ந்து உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர் என் ஊர்வலத்தைப் பார்த்தார். வாத்தியத்தை எடுத்து ஊதவே தொடங்கிவிட்டார். முதல் பந்தி அப்படியே கையைக் கழுவாமல் எழுந்து வந்து பார்த்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். யாரிடமும் கேட்கத் துணியாததை நான் அவள் முகத்தில் தேடினேன். அவள் வலது கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

"போட்டுட்டேன்," என்றாள். "பெரியப்பா பொண்ணு பக்கத்துலயே நின்னா. நான் உள்ள நொழையறேன், மேளம் கொட்றான். தட்ட யாரு கையிலயோ திணிச்சுட்டு, அப்டியே ஓடிப் போட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. சாப்பிடக் கூப்பிடுவாள் என்று செருப்பைக் கழற்றினேன்.

"இருங்க," என்றாள். "மொதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க. உங்களக் கூட்டிக்கினு வந்தது அதுங்கதான?"