யூலியாவின் கன்னம்

சிரி என்று சொல்லாமல், நேராக நில் என்று திருத்தாமல், ஒரு குழந்தையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அனஸ்ரேசியா தினமும் பார்க்கிறார். மன்னாரில் பிறந்தவர்; இப்போது ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளர். வேலை முடிந்ததும் பக்கத்து ஸ்டோவ்னரில் உள்ள தன் மாடிவீட்டில் எண்ணெய் வண்ணம் தீட்டுவார். அவருக்குக் குரு, பழைய பொருள் சந்தையில் வாங்கிய ஓர் அச்சுப்படம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்தது: நாட்டுப்புற அடுக்களை, சூப்பைச் சிந்திவிட்டுத் திருதிருவென விழிக்கும் பிள்ளைகள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளைத் தேவதைகளாக்கிக் கூலி வாங்கியவர்கள் இருந்த காலத்தில், அந்த மனிதர் மூக்கொழுகும் முகங்களைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்.

தமிழ்க் கத்தோலிக்கர் மண்டபத்தில், மறைக்கல்வி வகுப்பு அறைக்கு ஒரு படம் கேட்டார்கள். அனஸ்ரேசியா தன் பாலர் பாடசாலைக்கு வரும் ஐந்து வயதுத் தமிழ்ச் சிறுமி யூலியாவை வரைந்தார். தரையில் உட்கார்ந்து, நாக்கை ஒரு பக்கம் நீட்டியபடி, பனிச்சப்பாத்தோடு மல்லுக்கட்டும் யூலியா.

மண்டபப் பொறுப்பாளர் சவிரிமுத்து படத்தைப் பார்க்க மாடிவீட்டுக்கு வந்தார்.

"வடிவாத்தான் இருக்கு, தங்கச்சி. முகத்தை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ."

"அது பிள்ளையின்ரை நிறமண்ணை."

"எனக்குத் தெரியாதே? தாய்தான் சொல்லச் சொன்னவ. பூசையிலை முதல்நன்மை எடுக்கிற பிள்ளையளின்ரை படங்களிலை எல்லாரும் செய்யிறதுதானே. என்ரை கலியாணப் படத்திலை என்னை எனக்கே அடையாளம் தெரியேல்லை."

"செய்யாட்டி?"

"கமிட்டி மாட்ட விடாது."

தோலின் நிறம் வெயிலுக்கு உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு. அதில் உயர்வு தாழ்வு பார்க்கும் இதே கமிட்டிதான் ஒஸ்லோத் தெருவில் நிறவெறிக்கு எதிராக ஊர்வலமும் போகிறது.

ஆனால் தன் படம் முதன்முதலாக ஒரு பொதுச்சுவரில் ஏறும் ஆசை அனஸ்ரேசியாவுக்கு. தூரிகையில் வெள்ளை தொட்டார். கன்னம் வெளுத்தது.

மறுநாள் யூலியா தாய் கம்சிகாவோடு வந்தாள். படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"அன்ரி, இது ஆர்?"

"நீதானே, செல்லம்."

"சப்பாத்து என்ரை. ஆள் நோரா." நோரா அவளோடு படிக்கும் நோர்வேச் சிறுமி. "என்னை எப்ப கீறுவியள்?"

குரலில் கோபமில்லை. தன் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளையின் குரல்.

அனஸ்ரேசியா துணியை வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்து, இன்னும் காயாத அந்த வெள்ளையைத் துடைத்தார். அடியில் காய்ந்திருந்த மண்ணிறம் மெல்லத் தெரிந்தது. யூலியா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கம்சிகா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "அப்பிடியே விடுங்கோ, அக்கா."

சவிரிமுத்து இன்னும் தலையைச் சொறிகிறார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. நீங்களும் வாருங்கள். யூலியாவை உள்ளபடியே மாட்டச் சொல்லிக் கை உயர்த்துங்கள்.