ஓராள் உயரத் தண்ணீர்

"சாமைச் சோத்த மூடி வையி. தட்டிய வழிச்சிட்டு வந்துர்றேன்."

என் வீட்டுக்காரர் ராஜாக்கண்ணு கடைசியாகச் சொன்னது இதுதான். இது எப்படி நடந்ததோ, அப்படித்தான் இனி எழுதப்போவதும் நடந்தது. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

1983 ஐப்பசி. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ஓடையில் ஊருக்குக் கரண்ட் தரும் சின்ன டர்பைன் ஒன்று ஓடியது. அதை வைக்க வந்தபோது, தண்ணீர் விழும் உயரம் போதாது என்று இன்ஜினியர்கள் தயங்கினார்கள். இவர் பள்ளத்தில் இறங்கி நின்றார். மேல்வாய்க்கால் தண்ணீர் இவர் உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது.

"என் ஒசரம் கீதுங்க. பத்தாதா?"

சிரித்துவிட்டு வைத்தார்கள்.

அந்த உயரத்தில் ஒரு சாண் குறைந்தாலும் சக்கரம் சோர்ந்துவிடும். வாய்க்கால் வாயிலுள்ள கம்பித் தட்டியில் இலை அடைத்தால் வீட்டு பல்பு மங்கும். இவர் போய் இலையை வாரியால் வழிப்பார். வெளிச்சம் திரும்பும். நான் சட்டியைத் திறப்பேன். இவர் வந்துவிடுவார்.

அன்று வெளிச்சம் திரும்பவில்லை. காட்டு வெள்ளம். மறுநாள் கீழே பாறையிடுக்கிலிருந்து தூக்கி வந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மாலை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தேன். மழை இல்லை. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

ஏழு மணி ஐந்து நிமிடம். மங்கியது.

ஓடைப் பக்கம்... கர்ர்... கர்ர்... கம்பியில் வாரி இழுபடும் சத்தம். கொழுந்தன் கோபால்சாமி போயிருப்பான் என்று நினைத்தேன்.

ஏழு பத்து. வெளிச்சம் திரும்பியது.

என் கை தானாகச் சட்டியைத் திறந்தது.

ஈரக்கால்... சளக்... சளக்... வாசலில் நின்றது. கோபால்சாமியாக இருந்தால் "அண்ணி" என்பான்.

யாரும் கூப்பிடவில்லை.

நானே சொன்னேன்.

"உள்ள வாய்யா. சோறு ஆறுது."

தாழ்ப்பாள் அசைந்தது.

பல்பு மங்கியது...

சளக்... சளக்... காலடி ஓடைக்கே திரும்பியது.

"அடைச்சா அடைச்சிக்கினு போவட்டும். சாப்ட்டுப் போய்யா..."

கர்ர்...

விடிந்ததும் கோபால்சாமி வந்தான்.

"நேத்து தட்டிய வழிச்சது நீயாடா?"

"இன்னா அண்ணி சொல்ற? செங்கத்துலர்ந்து இப்பத்தான் வர்றேன்."

தோளில் கிடந்ததைக் காட்டினான். டர்பைனையும் டைனமோவையும் சேர்க்கும் பெல்ட்.

"நேத்து காலையிலியே கழட்டி, ஒட்டுப்போட எட்த்துக்கினு போய்ட்டேன். ராத்திரி ஊரே இருட்டுல கெடந்துச்சாமே."

டர்பைன் இப்போது இல்லை. கம்பித் தட்டியும் துருப்பிடித்துப் போய்விட்டது. தண்ணீர் மட்டும் விழுகிறது. போன வாரம்கூடப் போய்ப் பார்த்தேன்.

அவர் உயரம்தான்.